யாரோ ஒருவர் முன்னால் போயிருக்கிறார்: சீன கிராண்ட்மாஸ்டர்களின் பாதை

சீன கிராண்ட்மாஸ்டர்கள் பத்துப் பதினைந்து பேரின் வாழ்க்கைக் குறிப்புகளை அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். பிறந்த ஊர், பட்டம் வாங்கிய வயது, ஆடும் விதம் எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் எல்லார் கதையிலும் ஒரு கட்டத்தில் வெளியிலிருந்து ஒருவர் வருகிறார். உள்ளூர்ப் பயிற்சியாளராக இருக்கலாம், மாகாண அணியின் பொறுப்பாளராக இருக்கலாம், விளையாட்டுத் துறை அதிகாரியாக இருக்கலாம். இந்தப் பிள்ளை இனி எங்கள் பொறுப்பு என்கிறார். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை நடக்கும் பாதையில் ஏற்கெனவே காலடிகள் பதிந்திருக்கின்றன.

சென்னைப் புறநகரில் பிள்ளைகளுக்கு செஸ் சொல்லித் தருபவன் நான். ஞாயிற்றுக்கிழமை போட்டி நடக்கும் பள்ளிக்கூட வாசலில் டிபன் டப்பாவோடு காத்திருக்கும் அப்பா அம்மாக்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அந்தச் சீனப் பாதை முதலில் அந்நியமாகத்தான் தெரிந்தது. இங்கே பயிற்சியாளரைத் தேடுவது, நுழைவுக் கட்டணம் கட்டுவது, ரயில் டிக்கெட் எடுப்பது, படிப்பா செஸ்ஸா என்று ராத்திரி உட்கார்ந்து பேசுவது எல்லாம் வீட்டார்தான். குகேஷுக்காக அவருடைய அப்பா மருத்துவத் தொழிலையே நிறுத்திவைத்தது நமக்குத் தெரிந்த கதை. சீனாவில் அந்தப் பாரத்தில் பெரும்பகுதியை ஒரு அமைப்பு தூக்குகிறது. அப்படித் தூக்கப்பட்டவர்களின் வாழ்க்கை எப்படி அமைந்தது என்பதைச் சில வருடங்களாகத் தொடர்ந்து கவனித்து வருகிறேன்.

ஷியே ஜுன்னிடமிருந்து தொடங்குவதுதான் முறை. 1970-இல் ஹெபெய் மாகாணத்து பாவோடிங்கில் பிறந்து பெய்ஜிங்கில் வளர்ந்தவர். ஆறு வயதில் அவர் கற்றுக்கொண்டது நாம் ஆடும் செஸ் அல்ல, ஷியாங்சி என்னும் சீனச் சதுரங்கம். அதில் பலகையின் நடுவே ஓர் ஆறு ஓடும். காய்கள் கட்டத்துக்குள் நிற்காமல் கோடுகள் சந்திக்கும் புள்ளிகளில் நிற்கும். தளபதி தன் சின்னக் கோட்டையை விட்டு வெளியே வர முடியாது. பீரங்கி என்றொரு காய் உண்டு, நடுவில் இன்னொரு காய் இருந்தால்தான் அதைத் தாண்டிப் பாய்ந்து வெட்டும். பூங்காக்களில் மர நிழலில் பெரியவர்கள் கூடி நின்று ஆடும் ஆட்டம் அது. பத்து வயதில் ஷியே ஜுன் பெய்ஜிங் சிறுமிகள் ஷியாங்சி சாம்பியன். அப்போதுதான் அரசுத் தரப்பிலிருந்து யோசனை வந்தது: சர்வதேச செஸ்ஸுக்கு மாறு. மாறினார். பதினொரு வருடத்தில் பெண்கள் உலக சாம்பியன் ஆனார்.

ஷியாங்சியிலிருந்து செஸ்ஸுக்கு மாறுவது அந்தத் தலைமுறையில் சகஜம். ஏழு முறை சீனச் சாம்பியனான யே ஜியாங்சுவான் செஸ் காயைத் தொட்டதே பதினேழு வயதில். அதுவரை ஷியாங்சிதான். இன்றைக்குப் பதினேழு வயதில் செஸ் தொடங்கும் ஒருவரை எந்தப் பயிற்சியாளரும் திரும்பிப் பார்க்க மாட்டார். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவரோ கிராண்ட்மாஸ்டர் ஆகி, பிறகு நாட்டின் தலைமைப் பயிற்சியாளராகவும் ஆனார்.

இவர்கள் எல்லாருக்கும் முன்னால் நடந்தவர் லியு வென்ட்சே. 1940-இல் பிறந்தவர். அவருக்கு இருபத்தாறு வயதாகும்போது கலாசாரப் புரட்சி தொடங்கியது. மேலை நாட்டு செஸ் தடைசெய்யப்பட்டது. எழுபதுகளின் நடுப்பகுதி வரை நாட்டில் போட்டி என்று எதுவும் இல்லை. ஒரு செஸ் ஆட்டக்காரரின் சிறந்த வருடங்கள் எவையோ அவை அப்படியே போயின. 1975-இல் சீனா சர்வதேச செஸ் கூட்டமைப்பில் சேர்ந்தது. 1978-இல் நாடுகள் அணிகளாக மோதும் புவெனஸ் அயர்ஸ் ஒலிம்பியாடுக்கு முதல் முறையாக அணி அனுப்பியது. அங்கே லியு, ஹாலந்தின் கிராண்ட்மாஸ்டர் யான் ஹைன் டோனரை இருபது நகர்த்தலில் வீழ்த்தினார்.

அந்த ஆட்டத்தை என் வகுப்பில் அடிக்கடி போட்டுக் காட்டுவேன். டோனர் கறுப்பு, பிர்க் தற்காப்பு என்னும் தொடக்கத்தை ஆடுகிறார். பலகையின் நெடுக்கு வரிசைகளுக்கு ஏ முதல் எச் வரை பெயர். லியு ஐந்தாவது நகர்த்தலிலேயே ஜி சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறார். தன் ராஜா பக்கத்தைத் தானே திறந்துவிடுகிறாரே என்று பிள்ளைகள் கேட்பார்கள். பொறுங்கள் என்பேன். அடுத்து எச் சிப்பாயும் முன்னேறுகிறது, வெட்டுப்பட்டு எச் வரிசை திறக்கிறது, பின்னால் நிற்கும் வெள்ளை யானைக்கு வழி கிடைக்கிறது. ராணி அந்த வரிசைக்கு வந்து பதினைந்தாவது நகர்த்தலில் எச்7-இல் செக் கொடுக்கிறது. கறுப்பு ராஜா எஃப்7-க்கு ஓடுகிறது. பதினாறாவது நகர்த்தலில் லியு ராணியைக் கொண்டுபோய் ஜி6 சிப்பாயை வெட்டி ராஜாவுக்கு எதிரே நிறுத்துகிறார். ராஜா ராணியை எடுத்தே ஆக வேண்டும். எடுத்ததும் மந்திரி (பிஷப்) எச்5-க்கு வந்து செக். ராஜா எச்7-க்கு நகர்ந்ததும் மந்திரி எஃப்7-க்குப் போகிறது, அது நகர்ந்ததால் திறந்த வரிசையில் யானையின் செக். பிறகு ஜி சிப்பாயும் வந்து குத்துகிறது. இன்னொரு மந்திரி எச்6-இல் வெட்டியதும் டோனர் தோல்வியை ஒப்புக்கொண்டார். ராணியைக் கொடுத்த இடத்தில் ஆட்டத்தை நிறுத்தி அடுத்து என்ன என்று கேட்டால் வகுப்பில் சத்தமே இருக்காது. ராணி போனால் ஆட்டம் போச்சு என்றுதானே அவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம்!

ஒரு சீன ஆட்டக்காரர் ஒலிம்பியாடில் மேலை நாட்டு கிராண்ட்மாஸ்டர் ஒருவரை வென்ற செய்தி செஸ் உலகத்துக்கு அன்று பெரிய அதிர்ச்சி. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அதற்குப் பிறகு லியு செய்ததுதான். தொலைந்த வருடங்களை நினைத்து அவர் தன் ஆட்டத்தையே கட்டிக்கொண்டு அழவில்லை. பயிற்சியாளர் ஆனார். சீன ஆட்டத்துக்கென்று ஒரு பாணி உண்டு, அதை முறையாகக் கற்பிக்க முடியும் என்று நம்பி, தேசிய அணியைப் பயிற்றுவித்தார். அவரிடம் வளர்ந்தவர்களில் ஒருவர் ஷியே ஜுன்.

எழுபதுகளில் மலேசியத் தொழிலதிபர் டான் சின் நாம் சீனாவுக்காக ஒரு திட்டத்தை முன்வைத்தார். செஸ் வட்டாரத்தில் அதைப் பெரிய டிராகன் திட்டம் என்பார்கள். முதலில் பெண்கள், பிறகு ஆண்கள், 2010 வாக்கில் உலகத்தின் முன்வரிசை. பெண்கள் செஸ்ஸில் போட்டி அவ்வளவு அடர்த்தியாக இல்லை, அங்கே உழைப்பைப் போட்டால் பலன் சீக்கிரம் தெரியும் என்பது கணக்கு. கணக்காகப் பார்த்தால் கறாரான யோசனைதான். ஆனால் அது வேறொன்றையும் செய்தது: நாட்டின் வலுவான ஆண் ஆட்டக்காரர்களைப் பெண்களின் பயிற்சித் துணைகளாக ஆக்கியது. யே ஜியாங்சுவானும், 1990-இல் சீனாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆன யே ரோங்குவாங்கும் தங்கள் ஆட்டத்தை ஆடிக்கொண்டே, ஷியே ஜுன்னையும் ஜு சென்னையும் உருவாக்குவதில் தோள் கொடுத்தார்கள். ஆட்டக்காரரின் பலத்தைச் சொல்லும் புள்ளியான ரேட்டிங் இன்னும் ஏறக்கூடிய வயதில் இதைச் செய்தார்கள்.

1991-இல் மணிலாவில் ஷியே ஜுன் மாயா சிபுர்தானிட்ஸேயை எதிர்த்து உட்கார்ந்தார். 1950 முதல் பெண்கள் உலகப் பட்டம் சோவியத் யூனியனை விட்டு வெளியே போனதில்லை. சிபுர்தானிட்ஸே மட்டுமே பதின்மூன்று வருடம் வைத்திருந்தார். ஷியே ஜுன்னுக்கு இருபத்தொரு வயது நிறையும் தறுவாய். 8.5–6.5 என்று வென்றார். 1993-இல் நானா இயோசெலியானியை 8.5–2.5 என்று ஒருதலைப்பட்சமாக வீழ்த்திப் பட்டத்தைக் காத்தார். 1996-இல் சூசன் போல்கரிடம் இழந்து, 1999-இல் அலிசா கலியாமோவாவை வென்று மீட்டார். இழந்த உலகப் பட்டத்தைத் திரும்ப வாங்குவது எவ்வளவு அபூர்வம் என்பது செஸ் வரலாறு தெரிந்தவர்களுக்குப் புரியும்.

அதன் பிறகு ஜு சென், ஷு யுஹுவா, ஹோ யிஃபான், தான் ஜோங்யி, ஜு வென்ஜுன் என்று வரிசை நீண்டது. ஆறு சீனப் பெண்கள் உலக சாம்பியன் ஆகியிருக்கிறார்கள். ஷு யுஹுவா 2006-இல் யெகாதெரின்பர்க்கில் பட்டம் வென்றபோது கர்ப்பிணி. 2017-இல் தான் ஜோங்யி தெஹ்ரானில் வென்றதிலிருந்து பட்டம் சீனாவிலேயே இருக்கிறது. 2018-இலும் 2025-இலும் ஜு வென்ஜுன் தான் ஜோங்யியை வென்றார். 2023-இல் எதிரே உட்கார்ந்தவர் லெய் டிங்ஜியே. இரண்டு பக்கமும் சீனர்களே இருக்க, ஷாங்காயிலும் சோங்சிங்கிலும் நடந்த போட்டிகள் அவை. ஷாங்காய் ஜு வென்ஜுன்னின் ஊர், சோங்சிங் மற்ற இருவரின் ஊர். ஒரே நாட்டுக்குள், ஒருவர் ஊரில் பாதி, மற்றவர் ஊரில் பாதி என்று உலகப் பட்டப் போட்டி நடத்துகிற நிலைமை எப்படி வந்தது என்று யோசித்தால் மணிலாவுக்கும், அதற்கு முன்னால் லியுவின் வகுப்பறைக்கும் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

ஊர் என்றதும் வென்ஜோவைச் சொல்ல வேண்டும். ஜெஜியாங் மாகாணத்தில் கடலோரத்தில் இருக்கிறது. வியாபாரிகளுக்குப் பேர் போன ஊர். சீனாவுக்குள் அதைச் சதுரங்க நகரம் என்றும் அழைக்கிறார்கள், காரணம் இருக்கிறது. முதல் கிராண்ட்மாஸ்டர் யே ரோங்குவாங் வென்ஜோக்காரர். ஜு சென் வென்ஜோக்காரர். 1992-இல் அங்கே பிறந்த டிங் லிரென் சீனாவின் முதல் ஆண் உலக சாம்பியன். டிங்குடைய அப்பா மின் பொறியாளர், அம்மா செவிலியர். நான்கு வயதில் செஸ் தொடங்கினார். அவருக்குச் சிறு வயதில் கற்றுக்கொடுத்த சென் லிஷிங்தான் அதற்கு முன் ஜு சென்னுக்கும் கற்றுக்கொடுத்தவர். ஒரே ஊரில் ஒரே ஆசிரியர், ஒரு பெண் உலக சாம்பியனையும் ஓர் ஆண் உலக சாம்பியனையும் தொடக்கத்தில் தொட்டிருக்கிறார். திறமை எங்கும் பிறக்கும். அதை ஐந்து வயதிலேயே அடையாளம் காணக்கூடிய கண் அந்த ஊரில் ஏற்கெனவே இருந்தது என்பதுதான் வென்ஜோவின் விசேஷம்.

ஹோ யிஃபான் பிறந்தது ஜியாங்சு மாகாணத்து ஷிங்ஹுவாவில், 1994-இல். சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா அவரைப் புத்தகக் கடைக்குக் கூட்டிப்போவார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த செஸ் காய்களை அந்த மூன்று வயதுக் குழந்தை வெறித்துப் பார்ப்பதைக் கவனித்து வாங்கிக் கொடுத்தார். சில வாரங்களில் வீட்டில் எல்லாரையும் ஜெயிக்கத் தொடங்கிவிட்டார். ஐந்து வயதில் முறையான பயிற்சியாளர். ஒன்பது வயதில் தலைமைப் பயிற்சியாளர் யே ஜியாங்சுவானோடு ஓர் ஆட்டம். அவருடைய பலவீனமான நகர்த்தல்களை அந்தச் சிறுமி ஏறக்குறைய எல்லாவற்றையும் சரியாகச் சுட்டிக்காட்டியதில் அவர் அசந்துபோனார். பிறகு பெய்ஜிங். பன்னிரண்டு வயதில் ஒலிம்பியாட், பதினான்கில் கிராண்ட்மாஸ்டர், பதினாறில் உலக சாம்பியன். பதினேழு வயதில் செஸ் தொடங்கிய மனிதர், ஒன்பது வயதுப் பெண்ணை உட்கார வைத்து உன்னிடம் என்ன இருக்கிறது என்று பார்க்கிறார். இந்த ஒரு காட்சியே எனக்குச் சீன செஸ்ஸின் மொத்தக் கதையாகத் தெரிகிறது.

இந்த இயந்திரம் எப்படி ஓடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நல்ல ஆட்டக்காரர் மாகாண அல்லது நகர அணியில் சேர்க்கப்படுகிறார். அது ஒரு வேலை மாதிரி: சம்பளம் உண்டு, பயிற்சியாளர் உண்டு, கூட ஆடச் சமமான ஆட்கள் உண்டு. செஸ், ஷியாங்சி, கோ எனப்படும் வெய்ச்சி, சீட்டாட்டமான பிரிட்ஜ் எல்லாம் பெய்ஜிங்கில் விளையாட்டு அமைச்சகத்தின் கீழ் ஒரே நிர்வாக மையத்தில் வருகின்றன. தேர்ந்தவர்கள் தேசிய அணிப் பயிற்சிக்கு அங்கே போகிறார்கள். 2005 முதல் நகரங்களும் மாகாணங்களும் மோதும் லீக் நடக்கிறது. ஒரே அணியில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஆடுவார்கள். இதனால் சீன ஆட்டக்காரர் தன்னைத் தனி ஆளாக நினைப்பதற்கு முன்பே அணியில் ஒருவராக நினைக்கப் பழகிவிடுகிறார்.

2014-இல் நார்வேயின் ட்ரோம்சோவில் சீனா முதல் முறையாக, பெண்கள் பிரிவு அல்லாத ஓப்பன் பிரிவில் ஒலிம்பியாட் தங்கம் வென்றது. வாங் யுவே, டிங் லிரென், யு யாங்யி, நி ஹுவா, ஐந்தாவதாகப் பதினைந்து வயது வெய் யி. அன்றைக்கு அவர்களில் ஒருவர்கூட உலகத்தின் முதல் ஐந்து பேரில் இல்லை. பெரிய பெயர்கள் கொண்ட அணிகள் பின்தங்க, இவர்கள் சுற்றுக்குச் சுற்று சேர்த்துக்கொண்டே போனார்கள். 2018-இல் பாத்துமியில் மறுபடியும் தங்கம். அதே வருடம் பெண்கள் அணிக்கும் தங்கம். தனிநபர் பட்டத்துக்கு முன்னால் அணிப் பட்டம் வந்தது சீன ஆண்கள் செஸ்ஸின் அடையாளம். மற்ற நாடுகளில் பெரும்பாலும் முதலில் ஒரு மேதை வருகிறார், பிறகு அவரைப் பார்த்து ஒரு தலைமுறை வருகிறது. ஆனந்துக்குப் பிறகு நம் ஊரில் நடந்தது அதுதான்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. ஐரோப்பிய ஆட்டக்காரர்கள் வருடம் முழுக்கப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, யாரும் சேரக்கூடிய ஓப்பன் போட்டிகளில் ஆடுவார்கள். சீனர்கள் அப்படி ஊர் சுற்றுவது குறைவு. உள்நாட்டு லீக், தேசியப் போட்டி, தேர்ந்தெடுத்து அனுப்பப்படும் சில வெளிநாட்டுப் போட்டிகள், அவ்வளவுதான். பெருந்தொற்றுக் காலத்தில் எல்லை மூடியதும் அதுவும் போயிற்று. 2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது நடப்புச் சாம்பியனான சீனாவின் இரண்டு அணிகளும் வரவில்லை. டிங் லிரெனையும் வெய் யியையும் நம் மண்ணில் நேரில் பார்க்கும் வாய்ப்பு போனதில் எனக்கு இன்றுவரை ஆதங்கம் இருக்கிறது.

படிப்பு, இன்னொரு பொதுக் கூறு. செஸ் சாம்பியன்கள் பள்ளியை விட்டுவிடுவது உலகம் முழுக்க வழக்கமாகிவிட்ட காலத்தில், சீன கிராண்ட்மாஸ்டர்கள் நாட்டின் மிகச் சிறந்த பல்கலைக்கழகங்களுக்குப் போகிறார்கள். ஷியே ஜுன் உளவியலில் முனைவர். டிங் பீக்கிங் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். ஹோ யிஃபான் அங்கேயே சர்வதேச உறவுகள் படித்தார், பிறகு ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு போனார், 2020-இல் இருபத்தாறு வயதில் ஷென்ஜென் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். அதற்கு முன்பே, 2016-இல் மரியா முசிச்சுக்கை வென்று பட்டத்தை மீட்ட வருடத்திலேயே, பெண்கள் உலகப் பட்டச் சுற்றிலிருந்து விலகிக்கொண்டார். பெண்களில் உலகத்தின் முதல் ரேட்டிங் அவரிடம்தான் இருந்தது. ரசிகனாக எனக்கு அது பெரிய இழப்பு. அவரைவிட வலுவான ஆண்களோடு அவர் முழுநேரம் ஆடியிருந்தால் எங்கே போயிருப்பார் என்று பார்க்க ஆசைப்பட்டேன். ஆனால் பத்து வயதிலிருந்து மற்றவர்கள் வகுத்த அட்டவணையில் வாழ்ந்த ஒரு பெண், இருபத்திரண்டு வயதில் தன் வாழ்க்கையின் அடுத்த பகுதியைத் தானே தேர்ந்துகொண்டார் என்று பார்க்கும்போது வாயை மூடிக்கொண்டு மரியாதை செய்யத் தோன்றுகிறது.

வெய் யியும் அப்படித்தான். பதின்மூன்று வயதில் கிராண்ட்மாஸ்டர். பதினைந்து வயதில் 2700 ரேட்டிங், அதுவரை அவ்வளவு சின்ன வயதில் யாரும் தொட்டதில்லை. 2015-இல் டான்ஜோவில் கியூபாவின் லாசரோ புருசோனுக்கு எதிராக யானையைப் பலி கொடுத்து ராஜாவைப் பலகையின் குறுக்கே துரத்திய ஆட்டத்தை இன்னும் எல்லாரும் போட்டுக் காட்டுகிறார்கள். அடுத்த உலக சாம்பியன் என்று பேசினார்கள். அவர் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். வெளிநாட்டுப் போட்டிகளில் ஆள் தென்படுவதே குறைந்தது. சரி, இன்னொருவர் போய்விட்டார் என்று நினைத்தவர்கள் உண்டு. 2024 ஜனவரியில் விக் ஆன் ஸேயில் டாடா ஸ்டீல் போட்டியில் முதலிடத்துக்கு நான்கு பேர் சமமாக வந்தார்கள். சமநிலையைத் தீர்க்கும் டை-பிரேக்கில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தரோவையும் பிறகு இறுதியில் நம் குகேஷையும் வென்று கோப்பையை எடுத்துக்கொண்டு போனார் வெய் யி.

ஆட்டத்திலிருந்து சீக்கிரம் ஒதுங்குவதும் அங்கே வழக்கம்தான். யே ஜியாங்சுவான், யே ரோங்குவாங், ஷு யுஹுவா, நி ஹுவா என்று ஆட்டத்தின் உச்சத்தைத் தொட்டவர்கள் பலர் பயிற்சியாளர் நாற்காலிக்கு மாறியிருக்கிறார்கள். தொடர்ந்து மூன்று வருடம் தேசியச் சாம்பியனாக இருந்த நி ஹுவா பிறகு தன் ஊர்ப் பெண்ணான ஜு வென்ஜுன்னின் உலகப் பட்டப் போட்டிகளுக்குத் துணை நின்றார். 2021-இல், உலக சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டி முடிந்ததும் வாங் ஹாவ் உடல்நிலை காரணமாகத் தொழில்முறை ஆட்டத்தை விடுவதாக அறிவித்தார். அப்போது அவருக்கு முப்பத்தொரு வயது. நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் உலகத்தரத்தில் ஆடிக்கொண்டிருக்கும் ஆனந்த், இவான்சுக், கெல்ஃபாண்ட் போன்ற ஒருவர் சீனாவில் இன்னும் உருவாகவில்லை. எல்லாருக்கும் பின்னால் வருகிறவர்களைத் தூக்கிவிடும் வேலை காத்திருக்கிறது. அதை நான் குறையாக மட்டும் பார்க்கவில்லை. ஆனாலும் ஐம்பது வயது யே ஜியாங்சுவான் எப்படி ஆடியிருப்பார் என்பதை நம்மால் பார்க்க முடியாமலே போனது.

டிங் லிரெனுக்கு வருகிறேன். மேலே சொன்ன எல்லாக் கூறுகளும் அவரிடம் இருக்கின்றன. வென்ஜோ, சின்ன வயதில் தேர்வு, பதினாறு வயதில் தேசியச் சாம்பியன், அணித் தங்கம், பீக்கிங் பல்கலைக்கழகம். 2017 ஆகஸ்ட் முதல் 2018 நவம்பர் வரை நீண்ட நேரம் ஆடும் கிளாசிக்கல் வகையில் நூறு ஆட்டம் தோல்வி இல்லாமல் ஆடினார். 2022-இல் ஒரு சிக்கல் வந்தது. ரஷ்யாவின் கர்யாகின் உக்ரைன் போரை ஆதரித்துப் பேசியதற்காகத் தடை செய்யப்பட்டதால் கேண்டிடேட்ஸில் ஓர் இடம் காலியானது. ரேட்டிங்படி அது டிங்குக்குப் போகலாம், ஆனால் குறிப்பிட்ட காலத்தில் முப்பது ஆட்டம் ஆடியிருக்க வேண்டும். எல்லை மூடிய நாட்டில் அவர் ஆடியிருந்தது விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்களே. சீன செஸ் சங்கம் ஹாங்ஜோவில் அடுத்தடுத்துப் போட்டிகளை நடத்தி, எதிராளிகளைக் கூட்டி வந்து, ஏறக்குறைய ஒரு மாதத்தில் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட ஆட்டங்களை ஆடவைத்தது. 2806 ரேட்டிங்கோடு அவர் உள்ளே போனார். எதிரே உட்கார்ந்தவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். தன் நாட்டுக்காரர் ஒருவர் உலகப் பட்டத்துக்கு ஆட வேண்டும் என்பதற்காக நாள் தவறாமல் வந்து காய் நகர்த்திய சக கிராண்ட்மாஸ்டர்கள். யே ரோங்குவாங்கின் தலைமுறை பெண்களுக்குச் செய்ததை இவர்கள் டிங்குக்குச் செய்தார்கள்.

மாட்ரிட் கேண்டிடேட்ஸில் இரண்டாம் இடம். அப்போதைய உலக சாம்பியன் கார்ல்சன் பட்டத்தைக் காக்க மறுத்ததால் 2023 ஏப்ரலில் அஸ்தானாவில் ரஷ்யாவின் நெபோம்னியாச்சியோடு உலகப் பட்டப் போட்டி. மூன்று முறை பின்தங்கி மூன்று முறையும் சமன் செய்தார். 7–7. குறைந்த நேரத்தில் ஆடும் ரேபிட் டை-பிரேக்கின் கடைசி ஆட்டத்தில் டிங் கறுப்பு, கடிகாரத்தில் நேரம் கரைகிறது. வெள்ளை ராணி செக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. ராஜாவை முன்னும் பின்னும் நகர்த்தினால் டிரா, பிறகு இன்னும் வேகமான பிளிட்ஸ் ஆட்டங்கள். நாற்பத்தாறாவது நகர்த்தலில் அவர் யானையை ஜி6-இல் கொண்டுவந்து செக்கை மறித்தார். ராஜாவுக்கும் எதிரி ராணிக்கும் நடுவில், நகர முடியாத கட்டில் தன் யானையைத் தானே நிறுத்தினார். டிரா கையில் இருக்கும்போது இதைச் செய்ய எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது நேரம் ஓடும்போது ஆடியவர்களுக்குத் தெரியும். வென்றார். வென்றதும் மேசையில் குனிந்து தலையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகு வந்த மாதங்கள் கடினமானவை. மன அழுத்தம் பற்றி அவரே வெளிப்படையாகப் பேசினார். பல மாதம் ஆடவில்லை, திரும்பி வந்தபோது பழைய ஆட்டம் இல்லை. நான் இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். ஷியே ஜுன்னுக்குப் பிறகு வந்த ஒவ்வொரு பெண் சாம்பியனுக்கும், பட்டம் வாங்கியபின் எப்படி வாழ்வது என்று கேட்க முன்னால் ஒருவர் இருந்தார். அதே அமைப்பு, அதே பயிற்சி மையம், கூப்பிடு தூரத்தில் ஓர் அக்கா. டிங்குக்கு அப்படி யாரும் இல்லை. ஆண்கள் பட்டத்தை வாங்கிய சீனர் அவருக்கு முன் ஒருவரும் கிடையாது. போட்டிகளை நடத்தித் தரவும் எதிராளிகளைக் கொண்டுவரவும் தெரிந்த அமைப்புக்கு, இதற்கு மட்டும் கையில் எதுவும் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். அந்த வகையில் அவர் லியு வென்ட்சேயின் இடத்தில் நின்றார்.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். குகேஷுக்கு எதிரான பதினான்காவது ஆட்டம், அதுவரை 6.5–6.5. என் வகுப்புப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழு கொதித்துக்கொண்டிருந்தது. ஐம்பத்தைந்தாவது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2-க்கு வைத்தார். யானைகள் வெட்டுப்பட்டதும், மூலையில் கிடந்த அவருடைய மந்திரியையும் குகேஷ் வெட்டு மாற்றத்துக்கு இழுத்துவிட்டார். சிப்பாய் இறுதியாட்டம், தோல்வி. எல்லாரும் கத்தினார்கள், நானும்தான். குகேஷ் கண்ணீரோடு காய்களைத் திரும்ப அடுக்கினார். பேட்டியில் டிங் தனக்கு வருத்தம் ஏதும் இல்லை என்றார். இவ்வளவு சரிந்த நிலையிலிருந்து வந்து பதினான்கு ஆட்டம் நின்று, கடைசி நாள் வரை சமமாக வைத்திருந்த மனிதர் அவர். குகேஷ் அவரை உண்மையான சாம்பியன் என்று சொன்னது சம்பிரதாயத்துக்கு அல்ல என்று நான் நம்புகிறேன்.

இப்போது சீன ஆண்கள் பக்கம் வெய் யியைத் தவிர்த்து இருபதுகளில் உச்சத்தில் நிற்பவர்கள் அதிகம் இல்லை. உஸ்பெகிஸ்தானும் இந்தியாவும் பதின்ம வயதுப் பிள்ளைகளைக் கொத்துக் கொத்தாக அனுப்புகின்றன. பெண்கள் பக்கம் நிலைமை வேறு, அங்கே வரிசை அறுபடவில்லை. அதில் என் கவனத்தை இழுப்பவர் 2010-இல் பிறந்த லூ மியாவோயி. அவருடைய அம்மா ஷு யுவான்யுவான் 2000-இல் உலக ஜூனியர் பெண்கள் சாம்பியன். இந்தப் பெண் அதே அமைப்பின் வாரிசுதான், ஆனால் அம்மாவோடு ஐரோப்பாவுக்குப் போய் ஓப்பன் போட்டிகளில் ஆடி ரேட்டிங்கை ஏற்றிக்கொண்டவர். அம்மாவும் சில போட்டிகளில் பக்கத்துப் பலகையில் ஆடுவார். சீன செஸ்ஸில் இது புதிது. நம் ஊர்ப் பெற்றோர் பெட்டியும் பிள்ளையுமாக அலைவதற்கு மிக அருகில் வருகிறது. அடுத்த முறை அவர் பெயர் போட்டி அட்டவணையில் வந்தால் ஆட்டங்களை இறக்கி வைத்து என் வகுப்பில் போட்டுக் காட்டப் போகிறேன்.